ஓடிக்கொண்டே கெடுவது

விசைத்தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அதைச் சுமந்துகொண்டு நாடா வந்து போகும்போதெல்லாம் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க, கவை மாதிரி ஒரு சின்ன முள் தறியிலேயே உண்டு. நூல் தட்டுப்படாவிட்டால் அது கைப்பிடியைத் தட்டிவிடும். நெடுக்கே ஓடும் பாவு இழை அறுந்தால் அப்படியில்லை. எங்கள் வீட்டில் ஓடிய பழைய தறிகள் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. தடக் தடக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். நைனா எழுந்துவந்து துணியைத் தடவிப் பார்ப்பதற்குள் ஒரு முழத்துக்கு நீளவாக்கில் கோடு விழுந்திருக்கும். "நின்னுபோன தறியால நஷ்டம் இல்லடா. ஓடிக்கினே கெடுக்குது பாரு, அதான் குடியக் கெடுக்கும்" என்பார்.

நான் தறிக்குப் போகவில்லை. பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்து அதற்குப் போகாமல் இருப்பதே அப்போது ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்பட்டது. பிளஸ் டூ முடித்ததும் கேபிள் டிவி வைத்திருந்த அண்ணன் ஒருவரிடம் ஏணி தூக்கப் போனேன். கம்பம் ஏறினேன், ஜாயின்ட் போட்டேன், மாசம் பிறந்தால் வீடு வீடாகப் பணம் வாங்கினேன். அங்கிருந்து பிரவுசிங் சென்டர், அப்புறம் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போடுவது, இப்போது ஃபைபர். இந்த ஊருக்குள் இன்டர்நெட் எத்தனை வழியில் நுழைந்ததோ அத்தனை வழியிலும் நான் கை வைத்திருக்கிறேன். நைனா சொன்னது தறிக்கு மட்டும் சொன்னதில்லை என்று எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டை அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 1998 கடைசியில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. எங்கள் ஊருக்கு அது எட்டியது அதற்கும் பிறகுதான். இங்கிருந்து சென்னை நூறு கிலோமீட்டர் சொச்சம். ஆந்திரா கூப்பிடு தூரம். 2000-ல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு மோடத்தையும் வைத்துக் கடை திறந்தேன். மணிக்கு 40 ரூபாய்.

அந்த மோடம் போட்ட சத்தத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீச்சிட்டு, இரைந்து, கடைசியில் ஒரு மூச்சு விட்டு அடங்கும். அது வெறும் கூச்சல் இல்லை. டெலிபோன் கம்பி மனிதர் பேச்சுக்காகப் போட்டது. 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எக்ஸ்சேஞ்ச் அதில் விடும். கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த இடுக்குக்குள் சத்தமாக மாற்றிப் பாடியாக வேண்டும். இரண்டு மோடங்களும் "உன் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கிறதா, எவ்வளவு வேகமாகப் பேசலாம்" என்று முதலில் பேரம் பேசிக்கொள்ளும். அந்தப் பேரத்தைத்தான் நாம் கேட்டோம். மோடம் பெட்டியில் 56 கிலோபிட் என்று போட்டிருக்கும். எங்கள் லைனில் 33 வந்தால் அன்று நல்ல நாள். ஒரு எம்.பி. இறங்க நான்கு நிமிஷம். அதற்கு நெட் கணக்கில் ஒரு காசு, டெலிபோன் மீட்டரில் இன்னொரு காசு.

கடைக்கும் பின்கட்டில் இருந்த வீட்டுக்கும் ஒரே லைன். அக்கா எதற்காவது ரிசீவரை எடுத்தால் போச்சு. ஒருத்தன் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தை முக்கால் மணி நேரம் நிரப்பி கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும்போது அவள் எடுத்தாள். பையன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து 30 ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பணத்தைத் திருப்பிக் கொடுக்க நான் தெருமுனை வரைக்கும் ஓடினேன்.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று கடைக்கு வெளியே சாலை வரைக்கும் கூட்டம் நிற்கும். ஒரு கம்ப்யூட்டர் போதாது என்று நான்கு வாங்கினேன். அப்போதுதான் நெட்வொர்க் என்ற சொல் என் வாழ்க்கைக்குள் வந்தது. நான்கு பெட்டிகளும் ஒரே மோடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான்கையும் எதனால் கட்டுவது?

கேபிள் டிவி ஆளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்றிருந்தது. லேன் என்கிற, கட்டடத்துக்குள் ஓடும் நெட்வொர்க் அப்போது எங்கள் பக்கம் கொயாக்சியல் கேபிளில்தான் ஓடியது. ஒரே நீளக் கம்பி. வழியில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'டி' மாதிரி ஒரு இணைப்பான். இரண்டு முனையிலும் அடைப்பு மாதிரி ஒரு டெர்மினேட்டர். பார்த்தால் டிவி கேபிள் போலவே இருக்கும். என் கடையில் ஒழுங்காகவே போட்டேன். அந்தத் தைரியத்தில் ஒரு நூல் வியாபாரியின் ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டரை இணைக்க ஒப்புக்கொண்டபோதுதான் கையில் மிச்சமிருந்த டிவி கேபிளை ஓட்டினேன். காசு மிச்சம், கேபிளும் தடிமனாக நல்ல கேபிள்.

வேலை செய்தது. அதுதான் வினை. பில் ஒன்று அடித்தால் போகும். வருஷக் கணக்கு ஃபைலை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் நடுவில் தொங்கும். மறுபடி அனுப்பினால் சில சமயம் போய்விடும். வைரஸ் என்றேன். விண்டோஸை அழித்துப் போட்டேன். கார்டை மாற்றினேன். வியாபாரி நல்ல மனுஷர். "இன்னா தம்பி, மாசத்துக்கு நாலு தபா வர்றியே, உனக்கு நம்ம காபி ரொம்பப் புடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் அந்தக் கேபிளில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கி, மேலே அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். டிவி கேபிள் 75 ஓம். லேனுக்கு வேண்டியது 50 ஓம். வாய்க்காலில் ஓடிவரும் தண்ணீர் திடீரென்று அகலம் மாறுகிற இடத்தில் கொஞ்சம் பின்னுக்கு அடிக்கும் இல்லையா, அதுபோல இரண்டு ஓமும் சேரும் இடத்தில் சமிக்ஞையில் ஒரு பங்கு திரும்பி வரும். வந்து, பின்னால் வருகிறதோடு மோதும். சின்னச் சேதி தப்பித்துவிடும், பெரிய ஃபைல் மாட்டிக்கொள்ளும். பாவு அறுந்த தறிதான்! ஓடியது, ஆனால் கோடு போட்டுக்கொண்டே ஓடியது. மொத்தமாக நின்றிருந்தால் முதல் நாளே கேபிளைப் பார்த்திருப்பேன்.

அதன் பிறகு எங்கள் பக்கமும் எட்டுக் கம்பி கேபிள் வந்தது. இரண்டிரண்டாகப் பின்னிய நான்கு ஜோடி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்ற வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பச்சை ஜோடி பிரிந்து நடுவில் நீலத்துக்கு இடம் விடுவது ஏன் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். பழைய டெலிபோன் பிளக்கில் நடு இரண்டு முள்தான் பேச்சுக்கு. அந்த மரியாதையை இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பின்னலைச் சும்மா நினைக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்வதற்கான முறுக்கு அது. தறிக் கொட்டகைகளில் இதன் அருமை தெரியும். மோட்டாருக்குப் போகிற மூன்று ஃபேஸ் வயரோடு சேர்த்து நெட்வொர்க் கேபிளையும் கட்டிக்கொண்டு போனால், மோட்டாரைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் முதலாளி அறையில் கம்ப்யூட்டர் விக்கும். ஒரு அடி தள்ளிக் கட்டு, குறுக்கே போனால் நேர்க்குறுக்காகப் போ, நூறு மீட்டரைத் தாண்டாதே. நான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் இவ்வளவுதான்.

பாடப் புத்தகத்தில் லேன், மேன், வேன் என்று தூரத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள்: கட்டடத்துக்குள் ஓடுவது, ஊருக்குள் ஓடுவது, ஊர் விட்டு ஊர் போவது. எனக்கு அந்தக் கணக்கு உதவியதில்லை. அறுந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. நானே ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்யலாம் என்றால் லேன். கரண்ட் கம்பத்துக்கும் பேரூராட்சிக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மாடிக்கும் அனுமதி வாங்க வேண்டுமென்றால் அது மேன். போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் வேன்.

அந்த மூன்றாவது வகையை ஊரில் முதலில் கொண்டுவந்தவை பேங்குகள். ஏடிஎம் மாடியில் ஒரு குடை ஆன்டெனாவைக் கவிழ்த்து வைத்தார்கள். அது பார்ப்பது பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளை. கார்டைப் போட்டு எண்ணைத் தட்டினால் அந்தச் சேதி அவ்வளவு தூரம் ஏறி, இறங்கி, பதில் மறுபடி ஏறி, இறங்கி வர வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் அதற்கு அரை வினாடி பிடிக்கும். வேறு கம்பி வராத இடத்துக்கும் வரும் என்பதுதான் அதன் பெருமை. பணம் எடுக்க அரை வினாடி யாருக்கும் பெரிதில்லை. அதே இணைப்பில் போனில் பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. முந்தின வருஷத்துக் கொள்கைப்படி 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட். இன்றைக்கு அது 2 மெகாபிட். ஆனால் 33-லிருந்து 256-க்கு ஏறிய அந்த வாரத்தில் எனக்கு ஏற்பட்ட மலைப்பு, அப்புறம் 100 மெகாபிட் வந்தபோதும் ஏற்படவில்லை. அப்போது சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது. அதற்காகவே 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. தறிக்காரன் ஊரில் அந்த நேரத்துக்கு விளக்கெரிவது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஊரில் ஏற்கெனவே கிடந்த அதே இரண்டு செம்புக் கம்பியில் அது வந்ததுதான். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். அதற்கு மேலே சும்மா கிடந்த இடத்தில், ஒரு மெகாஹெர்ட்ஸ் தாண்டி வரைக்கும், நெட் போகும். வீட்டில் ஒரு சின்ன வடிகட்டி இரண்டையும் பிரிக்கும். போன் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம். அக்காவுக்கு விடுதலை.

ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர் பெட்டி, அங்கிருந்து கம்பத்து டப்பா, அங்கிருந்து வீடு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. தூரம் கூடினால் வேகம் குறையும். முடிச்சு துருப்பிடித்தால் அதைவிட மோசமாகக் குறையும். ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு ஒன்று இருந்தது. "போன் செத்துப்போச்சு, அது போவட்டும், யாரு பேசறா? நெட்டும் மெதுவா வருதே, அத மட்டும் பாருப்பா" என்று கூப்பிட்டார். போன் செத்த லைனில் நெட் எப்படி வரும்? நானும் முதலில் நம்பவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தால் கல்லு மாதிரி மௌனம். மோடத்தில் பச்சை விளக்கு நின்று எரிகிறது.

லைன்மேன் அண்ணன் ஒருத்தர் கம்பத்தில் ஏறித் திறந்து காட்டினார். ஜோடியில் ஒரு கம்பி ஜாயின்ட்டில் அரித்து அறுந்திருந்தது. பேச்சுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரு கம்பி விட்டால் சுற்று இல்லை, போன் செத்தது. நெட்டின் அதிர்வெண் உயர்ந்தது. அது அந்த மயிரிழை இடைவெளியைத் தாவிப் போகும். தாவும்போது பாதிக்கு மேல் சிந்தும். மிச்சத்தை வைத்துக்கொண்டு மோடம் தன் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பிழைத்திருந்தது. வாத்தியார் இரண்டு மாசமாக அந்தச் சிந்தின மிச்சத்தில்தான் பேரப்பிள்ளைகள் போட்டோ பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு நெட் மெதுவாக வருகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன்.

செம்பு எட்டாத தெருக்களுக்குக் காற்றுவழி. இதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கோர்டெக்ட் என்று ஒன்றைச் செய்தது. டவரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரை, கம்பி இல்லாமல், பேச்சும் 35 அல்லது 70 கிலோபிட் இன்டர்நெட்டும். மதுரை மேலூர் பக்கத்துக் கிராமங்களில் அதை வைத்து நெட் கடைகள் நடந்தன. இன்று கேட்டால் சிரிப்பு வரும் வேகம்தான். ஆனால் கம்பி இழுக்கும் செலவுதான் கிராமத்துக்குப் பகை என்று அப்போதே கணக்குப் போட்டவர்கள் அவர்கள்.

எங்கள் ஊரில் காற்றுவழிக்கு ஒரு தனித் தொல்லை இருந்தது: எல்லை. திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்து, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி. போராடியதெல்லாம் நைனா கதையாகச் சொல்வார். அவ்வளவு பாடுபட்டு வரைந்த கோடு டவருக்குத் தெரியாது. நகரிப் பக்கத்து டவர் பலமாக வீசினால் மொபைல் அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்போம், ஆந்திரப் பிரதேசம் வரவேற்கிறது என்று மெசேஜ் வரும். டெலிகாமில் தமிழ்நாடு வேறு வட்டம், ஆந்திரா வேறு வட்டம். ரோமிங் காசு ஓட ஆரம்பித்துவிடும். பேசினால் கொஞ்சம் போகும். நெட் டாங்கிள் செருகியிருந்தால்? கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா பில்லோடு என் கடைக்கு வந்தார். பாப்பா வடக்குப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து ப்ராஜெக்ட் செய்திருக்கிறாள், மாசம் முழுக்க ஆந்திராவில் இருந்ததாகக் கணக்கு. மேசையைத் தெற்குச் சுவருக்கு மாற்றி, நெட்வொர்க்கைத் தானாகத் தேடாமல் கையால் தேர்ந்தெடுக்கும்படி வைத்துக் கொடுத்தேன். அப்படி நான் இடம் மாற்றிப் போட்ட மேசைகள் இந்த ஊரில் பல. 2017 வாக்கில் ரோமிங் கட்டணம் ஒழிந்தபோது எனக்கு ஒரு வேலை குறைந்தது.

மொபைல் இன்டர்நெட் என்பது ஒரு டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போக வேண்டும். காவடிக் கூட்டத்துக்கு நடுவில் கையில் சிக்னல் முழுசாகக் காட்டும், ஒரு போட்டோ போகாது. சிக்னல் என்பது டவரின் குரல் கேட்கிறது என்பதுதான். நம் முறை வருமா என்பது வேறு கேள்வி.

நான் ரசித்துச் செய்த வேலை வைஃபை தூர இணைப்பு. 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசாங்கம் சொன்னது, பிறகு 5.8 பக்கமும் கொஞ்சம் திறந்தது. தேனிப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து, சாதாரண வைஃபை சாமான்களை வைத்தே கிலோமீட்டர் கணக்கில் தாண்டி, கிராமத்துக் கண் மையங்களில் இருக்கும் நோயாளியை மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் வீடியோவில் பார்க்க வைத்தார்கள். வைஃபை வீட்டுக்குள் ஓடப் பிறந்தது. அனுப்பியதற்கு உடனே "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால் தொலைந்துவிட்டது என்று மறுபடி அனுப்பும். தூரம் கூடினால் பதில் வரவே நேரமாகும். அந்தப் பொறுமையின்மையை மென்பொருளில் மாற்றினார்கள். அதைப் படித்துவிட்டு நானும் அதில் இறங்கினேன்.

அந்தப் பழைய நூல் வியாபாரிதான் மறுபடி. அவருக்கு ஊருக்குள் ஆபீஸ், மூன்று கிலோமீட்டர் தள்ளித் தறிக் கொட்டகை. ஜிஎஸ்டி வந்திருந்த நேரம். கொட்டகையிலேயே பில் போட வேண்டும். இரண்டு மாடியிலும் குழாய் நட்டு 5.8 ஆன்டெனா கட்டினேன். பைனாகுலரில் பார்த்தால் அந்த முனை பளிச்சென்று தெரிந்தது. மே, ஜூனில் அருமையாக ஓடியது. ஆடி பிறந்தது, விக்க ஆரம்பித்தது. வியாபாரி சிரித்தார். "காபி போடச் சொல்லட்டுமா?"

பாதி வழியில், பார்வைக் கோட்டுக்கு நாலடி பக்கவாட்டில், ஒரு பனை. பார்வையை அது மறைக்கவில்லை. ஆனால் ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவில் பருத்து, முனைகளில் சிறுத்து, நூல் சுற்றிய தார்க்குச்சி மாதிரி ஒரு வடிவம் எடுக்கும். மூன்று கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் 6 மீட்டர். பனை அதற்குள் நிற்கிறது. காற்றில்லாத நாளில் ஓலை அசையாமல் கொஞ்சம் தின்றுகொண்டு விட்டுவிடும். ஆடிக் காற்றில் ஓலை ஆட ஆட, தின்பது கூடும், குறையும். பனையை வெட்ட மனசில்லை. அது என் மரமும் இல்லை. குழாயை இன்னும் பதினைந்து அடி உயர்த்தினேன். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது ஃபைபர். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் கம்பமும் மரமுமாகச் சாய்ந்தன. அந்தப் புயல் கடலுக்கடியில் போகும் கேபிளையும் விட்டுவைக்கவில்லை என்று செய்தி வந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர் கடலுக்கடியில் 2002-லேயே ஃபைபர் போட்டுவிட்டார்கள். அதே கண்ணாடி இழை சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு நூறு கிலோமீட்டர் வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்தது. கடலில் கம்பத்துக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

இழை என்று சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. மேலுறையை உரித்தால் 125 மைக்ரான் கண்ணாடி. ஒளி போகிற உள்வழி 9 மைக்ரான்தான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். ஒரு முனையில் ஓஎல்டி என்ற பெட்டி. அதிலிருந்து ஒரே இழை. தெருவில் ஒரு கண்ணாடிப் பிரிப்பான் அதை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வீடுகளுக்குப் பிரிக்கும். அதற்குக் கரண்டே வேண்டாம். வழியில் மின்சாரம் இல்லாமல் ஓடுவதுதான் இதன் அழகு. போகிற ஒளி ஒரு நிறம், வருகிற ஒளி இன்னொரு நிறம். 1490 நானோமீட்டரில் இறங்கும், 1310-ல் ஏறும். ஒரே இழையில் எதிரெதிராகப் போனாலும் இடித்துக்கொள்ளாது. இறங்கும் 2.5 கிகாபிட்டை முப்பத்திரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். நிறுவனங்கள் வாங்கும் தனி லீஸ்டு லைனுக்கு அந்தப் பங்கு கிடையாது. அதன் விலை ஏன் அத்தனை மடங்கு என்று கேட்பவர்களுக்கு நான் ஷேர் ஆட்டோவையும் தனி ஆட்டோவையும் காட்டுவேன்.

ஸ்ப்ளைசிங் மெஷின் வாங்க அம்மாவின் நகை பேங்குக்குப் போனது. முதல் நாள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துப் பழகினேன். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம் என்று பன்னிரண்டு இழை. ஒவ்வொன்றையும் உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வெட்டி, எதிரெதிரே வைத்து மூடினால் மெஷின் ஒரு பொறியில் உருக்கி ஒட்டும். எவ்வளவு ஒளி வீணாகிறது என்று திரையில் எண் வரும். நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"பாவு பிணைக்கிறியா?"

பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக இணைப்பார்கள். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பார்க்காமலே, பேசிக்கொண்டே முறுக்குவார்கள். அச்சுப் பல்லுக்குள் சிக்காமல் போகிற முடிச்சுதான் முடிச்சு.

"ஆமா நைனா. பன்னெண்டுதான்."

"பன்னெண்டுக்கா இவ்ளோ பெரிய மிஷினு?" என்றார். எண்ணைக் காட்டி, 0.02 வந்தால் நல்ல முடிச்சு, அரை வந்தால் அறுத்துவிட்டு மறுபடி என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒட்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். முடிச்சே தெரியவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் இன்டர்நெட் வேண்டியிருந்தது. தறிகள் நின்றன. பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. தறிக் கொட்டகையில் படுத்திருந்த நாடாக்களுக்குப் பக்கத்தில் மொபைலைச் சாய்த்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடம் கேட்டன. பகலில் வீடு வீடாக ஓடினேன். ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை புகார். நான் மேலிடத்திலிருந்து வாங்கியிருந்த மொத்த இன்டர்நெட் அளவு அதற்குப் போதவில்லை. அதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவும் இல்லை. "உங்க போன்ல ஏதோ ப்ராப்ளம்" என்று சிலரிடம் சொன்னேன். கூடுதல் அளவு வாங்க இரண்டு மாசம் ஆனது.

உண்மையிலேயே அவர்கள் போனில், அல்லது வீட்டு வைஃபையில் கோளாறு இருப்பதும் உண்டு. எங்கள் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசல் திண்ணையில் ரூட்டர், கடைசிக் கட்டில் பிள்ளை. நடுவில் நான்கு சுவர், பக்கத்து வீட்டுக்காரர்களின் வைஃபையும் அதே 2.4-ல். 100 மெகாபிட் ஃபைபர் வாசல் வரை வந்து, கடைசிக் கட்டில் நான்கு மெகாபிட்டாகச் சாகும். கம்பத்தில் குறை இருக்காது. பழி மட்டும் கம்பத்துக்கு.

ஃபைபரும் நின்றுபோனால் கவலையில்லை. கரும்பு லாரி இழுத்துக்கொண்டு போகும், அணில் கடிக்கும், ஜேசிபி தோண்டும், போய் ஒட்டிவிடலாம். தலைவலி, வளைவு. ஒரு தையல்கார அக்கா வீட்டில் சாயங்காலமானால் நெட் திணறுகிறது. ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 20 இருக்க வேண்டிய இடத்தில் பகலில் சரியாக இருக்கிறது, ராத்திரி மைனஸ் 28. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்பு லேசர் பேனாவை இழையில் விட்டுவிட்டு வாசலில் நின்றேன். அக்கா கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தினார். ஜன்னல் விளிம்பில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம். கேபிள் அங்கே நசுங்கி வளைகிறது. ஒளி உள்ளே திரும்ப முடியாமல் வெளியே கசிகிறது. "இன்னாபா இது, அழகா இருக்குதே" என்றார் அக்கா.

இப்போது காற்றுவழி மறுபடி வந்திருக்கிறது. 5ஜி டவரைப் பார்த்து மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டி, அங்கிருந்து வீட்டுக்குள் கம்பி. கம்பமும் வேண்டாம், லாரியும் அணிலும் ஒன்றும் செய்ய முடியாது. மாசம் நாலைந்து பேர் என் ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். போன ஆடியில் அப்படி ஒரு வீட்டில் என் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் புதுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தவன் என்னிடம் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்டு போன பையன். எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, நகரிப் பக்கம் வெச்சா சிக்னல் ஃபுல்லா காட்டுது. திருத்தணிப் பக்கம் ரெண்டு கோடு கம்மி. எங்க திருப்பட்டும்?"

கேபிளைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறினேன். ரோமிங் போய்விட்டது, காசுக்குப் பயமில்லை. நகரிப் பக்கம் பார்த்தேன். நாலு வீடு தள்ளி ஒரு தென்னை, காற்றில் தலையை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி நட்டைத் தளர்த்தினேன்.

"கோட்டப் பாக்காத. அஞ்சு நிமிஷம் ஓட வுட்டுப் பாரு" என்றேன்.